தகர வாளி

மூன்றாவது கோடையிலும்
என் பிர்ச் கன்றுகள் முழங்காலை எட்டவில்லை.
தொள்ளாயிரத்துப் பத்து. குனிந்து குனிந்து எண்ணினேன்.
இலையோரத்தில் ஒரு செவ்வூதா.
பட்டினியின் நிறம் அது என்றாள்
வனத்துறையிலிருந்து வந்த பெண்.
ஹெக்லா துப்பிய இந்தக் கருஞ்சரளைக்குள்
பாஸ்பரஸ் இருக்கிறதாம்,
இறுக மூடிய கைக்குள் இருப்பதுபோல.
பிரித்து எடுத்துத் தரத்தான் ஆள் இல்லை.

"பழைய காட்டு மண் ஒரு வாளி போதும்,
வேருக்கு ஒரு பிடி."

இந்தப் பக்கத்தில் பழைய காடு என்றால்
ஆட்டுக்கால் இறங்காத ஒரு பாறைப் பிளவு,
அதில் பதினேழு கோணல் மரங்கள்.
ஸ்டெய்ன்தோரின் நிலம்.
அவனோடு பேச்சற்று ஆறு வருடம்.
நான் விதைத்த லூபின்
வேலி தாண்டி அவன் புல்வெளியில் நீலமாய்ப் பூத்ததிலிருந்து.

போய் நின்றேன்.
டிராக்டரை அணைக்காமலே கேட்டான்.
என் பிளாஸ்டிக் வாளியின் விரிசலைப் பார்த்தான்,
கொட்டிலுக்குள் போய்
ஒரு தகர வாளியைக் கொண்டுவந்து வைத்தான்.
"வழுக்கும், ஸ்வான்லோய்க்."
அவ்வளவுதான்.

மக்கிய இலையை விலக்கினால் வெள்ளை நூல்.
வேர்நுனிக்கெல்லாம் உறை மாட்டிவிட்டதுபோல்
பூஞ்சை.
தானதருமம் என்று நினைக்க வேண்டாம்.
இலை சமைத்த சர்க்கரையில்
பங்கை வாங்கிக்கொண்டுதான் கல்லை அவிழ்க்கிறது.
தராத வேரிடம் கை சுருக்கவும் தெரியும் அதற்கு.

திரும்பும் வழியில்,
அவன் பக்கத்து லூபின் ஒன்றைப் பிடுங்கினேன்
(குற்ற உணர்ச்சிதான், வேறென்ன).
வேரில் முடிச்சு முடிச்சாக.
நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு,
ஆட்டுக்குட்டியின் ஈறு.
அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா
காற்றைப் பிடித்து உரமாக்கிக்கொண்டிருந்தது,
யார் நிலம் என்று விசாரிக்காமல்.

நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது:
வேலியிலிருந்து இருபதடி வரை
அவன் புல் கரும்பச்சை.
அப்பால் வெளிறல்.
வருடா வருடம் அறுப்பவன்;
பார்த்திருக்காமல் இருக்க முடியாது.

வாளியை முன்னிருக்கையில் வைத்து
பெல்ட் மாட்டி ஓட்டிவந்தேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் பழக்கம்.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை.
குளிர்காலம் பாதியைத் தின்றது.
நானூற்றுப் பன்னிரண்டு நின்றன;
அவற்றில் சில இடுப்புக்கு வந்தன.
இந்தச் செப்டம்பரில், வடக்கு வரிசையில்,
பழுப்புத் தொப்பியோடு ஒற்றைக் காளான்.
பறிக்கவில்லை.

வாளியை இன்னும் திருப்பித் தரவில்லை.
அவனும் கேட்கவில்லை.
நேற்று அவன் புல் அறுத்தான்.
நீலம் பூத்து ஓய்ந்த அந்த ஓரத்தைச்
சுற்றிக்கொண்டு போனது டிராக்டர்.