ஜி 17

பெயர்ப்பலகையில் வேறு என்னவோ இருக்கிறது.
குன்னூரில் எல்லோருக்கும் அது தகர ஹால்.
நானூற்றுப் பன்னிரண்டு நாற்காலி,
எட்டு இரும்புத் தூண்.
மழை வந்தால் மேடைக்கும் நமக்கும் நடுவே
மூன்றாவது ஆள் ஒருவர் பேசத் தொடங்கிவிடுவார்.

ஜி வரிசை பதினேழாம் எண்ணுக்கு
எப்போதும் பாதி விலை.
நேர் முன்னால் தூண்.
பாடுகிறவரின் இடது முழங்கால் தெரியும்.
வயலின் வில்லின் நுனி
எதையோ மறந்து வைத்துவிட்டவர் மாதிரி
வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

டிக்கெட் கிழிக்கிற ஏசுவடியான்
ஒவ்வொரு முறையும் சொல்வார்:
"ஒண்ணுமே தெரியாதும்மா. அப்புறம் என்னத் திட்டக் கூடாது."
பதினோரு வருஷமாகச் சொல்கிறார்.
பதினோரு வருஷமாகத் தலையாட்டுகிறேன்.

தேயிலை ஃபாக்டரியில் சலிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில்
இருபத்தாறு வருஷம் நின்றவள் நான்.
வலது காது என்றைக்குப் போனதென்று
தேதி குறித்து வைக்கவில்லை.
இடது காதுக்கு மேல் ஸ்தாயி எட்டாது.
பாடகர் உச்சியில் நிற்கும்போது
எனக்கு அவர் சும்மா வாய் திறந்து நிற்கிறார்.
யாராவது வர்க்கி பாக்கெட்டைப் பிரித்தால்
பத்துப் பன்னிரண்டு தலை திரும்பும்,
அதை வைத்துத் தெரிந்துகொள்வேன்.

ஆனால் தூணுக்குக் கேட்கிறது.
மேடைப் பலகைக்கு அடியில் அதற்கு வேர் ஓடுகிறதோ என்னவோ,
மிருதங்கத்தின் தொப்பியில் விழுகிற ஒவ்வோர் அடியும்
இரும்பில் ஏறி என் தோளில் இறங்கும்.
முட்டியைச் சாய்த்தால் தாளம்.
கன்னத்தைச் சாய்த்து
அந்தக் குளிரைப் பொறுத்துக்கொண்டால்
சுருதி.
டிசம்பரில் பட்டாளத்து பேண்ட் வாசிக்கையில்
பல் கூசும்.

தூணில் வார்த்த எழுத்துகள் உண்டு, கிளாஸ்கோ என்று,
வருஷம் தேய்ந்துவிட்டது.
கச்சேரி முடிந்தால் அது என் கன்னத்தில் தலைகீழாக இருக்கும்.
வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்த்தால்
நேராகப் படிக்கலாம்.

போன சனிக்கிழமை ஏசுவடியான்
சி ஒன்பதை என் கையில் திணித்தார்.
"ஒருத்தர் திருப்பிக் கொடுத்தது. அதே காசுதான்.
ஒரு தடவையாவது மொகத்தப் பாருங்கம்மா."
இத்தனை வருஷப் பாவம் தீர்ந்த மாதிரி
சிரித்தார். என்ன சொல்ல முடியும்.

பார்த்தேன்.
தங்கப் பொத்தான், கழுத்தில் ஒரு மரு,
தொண்டைக்குள் ஏதோ ஏறுவதும் இறங்குவதும்.
சி பத்து அழுதுகொண்டிருந்தார்.
அவர் மூக்கைச் சிந்திய இடங்களில்
நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.
மழையும் பிடித்துக்கொண்டது.
எதிரே ஒரு மீன் தொட்டி,
அதற்குள் நான்கு பேர் மும்முரமாக.

இடைவேளையில் எழுந்து பின்னால் போனேன்.
ஜி பதினேழில் ஆள் இருந்தார்.
வெள்ளைச் சால்வை, படுகர், அறுபது இருக்கும்.
இடைவேளை என்பதே தெரியாதவர் போல
நெற்றிப் பொட்டைத் தூணில் வைத்திருந்தார்.
தோளைத் தொட்டேன்.
என் சீட் என்று நினைத்தாரோ,
உடம்பை இடப்பக்கம் அரை அடி நகர்த்தினார்.
எழுந்திருக்கவில்லை.
பதினாறு காலியாக இருந்தது.

தனி ஆவர்த்தனம்.
அவருக்கு மேல் பாதி, எனக்குக் கீழ்ப் பாதி.
கூரையில் மழை இருந்ததாம், தெரியாது.
இரும்புக்குள் மழை இல்லை.
ஒரு தீர்மானம் மூன்றாம் முறை திரும்பி வருகையில்
இரண்டு பேரின் விரலும் ஒன்றாக எழுந்து
ஒன்றாக விழுந்தன. அதோடு சரி.
எந்தக் காது என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும்
அவருக்குக் கேட்டிருக்குமா.

ஒன்பது பத்துக்குக் கோத்தகிரிக்குக் கடைசி பஸ்.
மங்களத்துக்கு முன்பே பாதி ஹால் எழுந்துவிடும்,
ஸ்வெட்டரும் குடையும் கைமாறும்,
நாப்தலின் வாசனை கதவு வரை வரும்.
ஏசுவடியான் வாசலில் நின்றார்.
"எப்படி, மொகம்?"
"நல்லா இருந்துச்சு" என்றேன்.

பதில் சொல்லாமல்
என் கன்னத்தையே பார்த்தார்.
பிறகு சாலைப் பக்கம் கை காட்டினார்.
பஸ் ரொம்ப நேரமாக ஹாரன் அடிக்கிறதாம்.