ஏழு வாக்கு

ஹன்சாட் துணுக்காய்க்கு வந்துசேர
மூன்று மாதம் பிடிக்கும்.
மாரியென்றால் நனைந்து வரும்.
பிரதேச சபை நூலகத்தில் அதைப் பிரிக்கிறவள் நான்.
படிக்கிறவளும் நான் ஒருத்திதான்.

சீ.ஆர். கொப்பியில் கோடு கீறி
எங்கள் எம்.பி. தவபாலசிங்கத்துக்கு
ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.
இதுவரை யாரும் கேட்டதில்லை.

கேட்ட வினாக்கள் இருபத்துமூன்று.
பதினேழுக்கு ஒரே விடை:
தகவல்கள் திரட்டப்பட்டு வருகின்றன.
நாலாம் கட்டை மதகு, கட்டியாயிற்று.
ஐந்து நாற்பது பஸ்,
மூன்றுதரம் விட்டார், மூன்றுதரமும் நின்றது.
மல்லாவி ஆசுப்பத்திரிக்கு எக்ஸ்ரே மெசின் வந்தது,
இயக்கத் தெரிந்தவர் வர ஒன்றரை வருடம்.
அதுவரை தாதிமாரின் துவாய்கள் அதன்மேல் காய்ந்தன.
பிறப்புப் பதிவு எரிந்துபோனவர்களுக்கு
அவர் கொடுத்த கடிதங்களை எண்ணி முடியாது.
'ஆவன செய்யவும்' என்பதை
எல்லாக் கடிதத்திலும் 'ஆவண' என்றே எழுதுவார்.
ஆவணம் தொலைத்த சனத்துக்கு
அந்தப் பிழை பொருந்தித்தான் போனது.

பிறகு அந்தப் பக்கம்.
வன எல்லைச் சட்டமூலம்.
கார்த்திகை மாதம், பின்னேரம் ஐந்து பத்துக்கு
பெயர் கூப்பிட்டு வாக்கெடுப்பு.
சார்பாக ஒரு நிரல், எதிராக ஒரு நிரல்.
விரலை வைத்து இரண்டிலும் இறங்கினேன்.
வராதவர்களுக்கு அங்கே நிரல் கிடையாது.
இல்லாத பெயரை அச்சடிக்க மாட்டார்கள்,
தேடிக் களைத்துத்தான் கண்டுபிடிக்க வேணும்.

ஏழு வாக்கால் நிறைவேறியது.

அவர் எங்கே நின்றார் என்று எனக்குத் தெரியும்.
கள்ளிமோட்டைக்குளம் வான் பாய்ந்த அன்று
பொழுதுபட, கட்டில் ஒரு நண்டுவளை.
இரவு எட்டுக்கு அதற்குள் மாடு போகலாம்.
யூரியாப் பைகளில் மண்.
கமக்கார அமைப்பின் சிலுவைராசா
குரல் அடைத்துப்போய்க் கையால் ஏவினார்.
மாங்குளத்தில் இரவு ரயில் ஏற வேண்டியவர்
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
இடுப்பளவு தண்ணியில் மூடை வாங்கினார்.
சொப்பின் பையில் சுற்றிய அவர் போன்
பாலைமரக் கொப்பில் தொங்கியது.
அடித்தது.
ரயில் போனபிறகும் அடித்தது.
விடிய, ஒரு கார் பிடித்தாலும் போய்ச் சேரக்கூடிய நேரத்திலும்
அடித்தது.
வெளிச்சம் பிடித்து நின்றவள் நான்.
அவரிடம் சொல்லவில்லை.
கட்டுக்குக் கீழே எனக்கும் இரண்டு ஏக்கர்.

அடுத்தநாள் ஐந்து பத்துக்கு
கடைசி வரிசை மூடை அடுக்கிக்கொண்டிருந்தோம்.

கட்டு நின்றது.
அந்தப் போகம் ஏக்கருக்கு முப்பத்தெட்டு மூடை.
மற்ற வருடம் வன இலாகா கல் நாட்டியது.
நூற்றுப் பதினாலாம் கல், மஞ்சள் பூசி,
எனக்கும் யோகமலரக்காவுக்கும் நடு வரம்பில்.
அவள் அதில் மண்வெட்டியைச் சாத்தி வைக்கிறாள்.
வழக்கு ஒன்பதாம் தவணை.

தேர்தல் அறிவித்த கிழமை நூலகத்துக்கு வந்தார்,
கூட ஆட்கள் இல்லாமல்.
திகதி சொல்லி அந்த ஹன்சாட்டைக் கேட்டார்.
விரலை வைத்து இறங்கினார்,
நான் இறங்கின மாதிரியே.
இரண்டாம் நிரலின் அடியில் நின்று,
"நான் போயிருந்தாலும் ஆறு" என்றார்.

கணக்குச் சரி.
மற்ற ஆறு பேரும் அண்டைக்கு
எந்தக் குளக்கட்டில் நின்றவை எண்டு கேக்க
வாய் வந்தது.
போன் அடித்ததைச் சொல்லவும் வந்தது.
மேசை லாச்சியைத் திறந்து, மூடினேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னார்.
பத்து ரூபா.
பற்றுச்சீட்டு வேணுமோ என்றேன்.
"எழுதுங்கோ" என்றார்,
"பேரையும் போட்டு."