நாக்கடியில் நாலு உருண்டை

மூடியில் கொட்டிக்கொள்ளுங்கள், கையால் தொடாதீர்கள்
என்றார் டாக்டர் ஜபீன்.
என் கையைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.
பத்தொன்பது வருஷச் சில்லறையின் கறை
ரேகைக்குள் ஓடுகிறது.

முதல் வாரம் நாக்கடியில் நாலு உருண்டை.
கடிக்கக் கூடாது, முழுங்கக் கூடாது,
காபி அரை மணி தள்ளி.
சரி என்று வந்துவிட்டேன்.
விசிலை எங்கே வைப்பது என்று கேட்க மறந்துபோச்சு.

தருமபுரியில் வண்டி எடுக்கும் முன்
டிரைவர் மாதையன் கற்பூரம் காட்டுவார்.
கற்பூரம் இந்த மருந்துக்கு ஆகாதாம்.
அம்மன் படத்துக்கு எதிரில் மூக்கைப் பொத்திக்கொண்டு
பின்படிக்கட்டில் நின்றேன்.
சோகத்தூரில் ஏறிய அம்மாளுக்கு நெற்றி நிறையத் தைலம்.
அவரிடம் என்ன சொல்ல?
மகளிர் சீட்டைக் கிழித்து நீட்டினேன், வாயைத் திறக்காமல்.

இரண்டாம் வாரம் முறை மாறியது.
இரண்டே உருண்டை, அரை பாட்டில் தண்ணீர்.
குடிக்கும் முன் ஒவ்வொரு வேளையும்
உள்ளங்கையில் பத்துத் தரம் தட்டிக் குலுக்கணும்,
அப்புறம் ஒரு மூடி.
பாட்டில் பையில் கிடந்தது.
அதகபாடி தாண்டினால் ரோடே தட்டிக் கொடுக்கிறது.
இண்டூருக்குள் எண்ணினேன்: நூற்றுப் பதினேழு.
அதிகமாகிவிட்டதா என்று போனில் கேட்டேன்.
டாக்டர் சிரித்தாரா, லைன் கட்டானதா, தெரியவில்லை.

மூன்றாவது, மோந்து பார்ப்பது.
குப்பியைத் திறந்து ஒரு மூச்சு, அவ்வளவுதான்.
"டிக்கெட் எடுக்காம ஏறி இறங்குற கணக்கா?" என்றார் மாதையன்.
ஒகேனக்கல் ட்ரிப்பில் திறந்தேன்.
மீன் வறுவல் வாசம் முந்திக்கொண்டது.

தொண்டை இப்போது தேவலை.
எதில் கேட்டது என்கிறார் டாக்டர், நோட்டில் எழுத.
உருண்டையா, தண்ணீரா, மூச்சா?

மறுபடி உருண்டைக்கே வந்துவிட்டேன் என்றேன்.
மிச்சத்தைச் சொல்லவில்லை.
நாக்கடியில் அது கரைகிற நேரத்தில்
பி.அக்ரகாரம் வரும், போகும்.
நான் கத்துவதில்லை.
கம்பியில் இரண்டு தட்டு, வண்டி நிற்கும்.
இறங்க வேண்டியவர்கள் இறங்குகிறார்கள்.
இத்தனை வருஷம் யாருக்காகக் கத்தினேன்?

நேற்று மட்டும் ஒரு பள்ளிக்கூடப் பையன்
தூங்கியபடியே பென்னாகரம் வரை வந்துவிட்டான்.
இண்டூரில் இறங்க வேண்டியவன்.
யாரும் ஊர் பேர் சொல்லல, என்றான், அழுகிற குரலில்.
திரும்புகிற ட்ரிப்பில் முன்சீட்டில் உட்கார வைத்தேன்.
வண்டியில் மொத்தம் ஆறு பேர்.
பையன் முழித்துக்கொண்டுதான் இருந்தான்.
இருந்தாலும் ஊர் எல்லை தெரிந்ததும்
உருண்டையைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுக்
கத்தினேன்,
இண்டூர், இண்டூர்.