மூலைக்கு மூலை

டேனரி ரோட்டில் ஜபீவுல்லா சொன்ன தொகை
நாற்பத்தெட்டாயிரம்.
அற்புதராஜ் தலையாட்டிக் கேட்டான்,
யோசித்துச் சொல்கிறேன் என்றான்,
வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான்.
நண்டு நடை. நேராய்ப் போக
ஸ்டியரிங்கை இடப்பக்கம் இழுத்துப் பிடித்தபடி
டேவிஸ் ரோடு முழுக்க.

ஆட்டோக்காரன் குறுக்கே வந்தான்
என்பது அதுவரை எங்கள் வீட்டுக் கதை.
நானும் நாலு பேரிடம் சொன்னேன்.
சொல்லச் சொல்ல ஆட்டோ வளர்ந்தது,
நம்பர் பிளேட் மட்டும்தான் பாக்கி.

லிஃப்ட் மெக்கானிக் அவன்.
பதினாலு மாடிக்கு இரும்பு ரயிலை
மயிரிழை பிசகாமல் நிறுத்துகிறவன்.
"ரெண்டு ஜாக்கி, ஒரு சங்கிலி. அவ்ளோதான்."
ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகவில்லை.
இண்டிகாவைக் கல்மேல் ஏற்றினான்.
தூக்குக்குண்டு கட்டி, போல்ட்டுக்கு ஒன்றாய்
தரையில் சாக்பீஸ் புள்ளி வைத்தான்,
கோலம் போட ஆரம்பித்து
மறந்துபோனவன் மாதிரி.
அளந்தது என் தையல் டேப்பில்.

துணியென்றால் மூலைக்கு மூலை மடித்தே
கோணலைச் சொல்லிவிடுவேன்.
இரும்பு மடியாது.
இடது முன்னிருந்து வலது பின்னுக்கு ஒருமுறை,
வலது முன்னிருந்து இடது பின்னுக்கு ஒருமுறை.
இரண்டுக்கும் வித்தியாசம் பத்தொன்பது மில்லி.
பிளவுஸில் ஹூக் பட்டியின் அகலம்.
இதற்கா நாற்பத்தெட்டாயிரம்
என்று நானும்தான் கேட்டேன்.

சங்கிலியின் ஒரு முனை சேசிஸில்,
மறுமுனை வீட்டுக்காரரின் கேட் தூணில்.
அவன் லீவரை இழுக்க இழுக்க
எங்கேயோ ஏதோ முனகியது.
"வருது, வருது."
வந்தது
தூண்.
கடைவாய்ப் பல் மாதிரி
அடியில் ஒட்டிய மண்ணோடு.
மாடியில் புட்டசாமி, பாதி முகத்தில் ஷேவிங் நுரை.
"ஏன்ரீ இது" என்றார்.
அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை,
அதுதான் பயமாக இருந்தது.

திரும்ப அளந்தோம். பதினேழு.
இரண்டு மில்லிக்கு ஒரு கருங்கல் தூண்.

சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்தேன்.
டேனரி ரோட்டில் வண்டியை மேடையில் ஏற்றி
நாலு இடத்தில் கவ்வினார்கள்.
ஜபீவுல்லா அட்டையில் எழுதிக்கொண்டே
மடங்கிய இடத்தைப் பேனாவால் தட்டினார்.
"பிரேக் போட்டிருந்தா மூக்கு தாழும்,
அடி மேலாக்க விழும்.
இது கீழேயே விழுந்திருக்கு.
ஆட்டோ இல்லம்மா.
அசையாத சாமான். டிவைடர் மாதிரி."

அற்புதராஜ் எதிர்க்கடையில் அடுக்கியிருந்த
டயர்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

நான் வேறொன்றை எண்ணினேன்.
அந்த வாரம் மூன்று ராத்திரி ட்யூட்டி.
மூன்றாம் நாள் மான்யதா பார்க்கில்
லிஃப்டுக்குள் மாட்டிய எட்டுப் பேரை
ஒவ்வொருவராய்க் கைகொடுத்து இறக்கிவிட்டு
ஐந்தரை மணிக்குக் கிளம்பியவன்.
ஹென்னூர் மேம்பாலத்தில் அவன் கண்
எத்தனை நொடி மூடியிருக்கும்?
வீட்டிலேயே சரியாகியிருந்தால்
அந்த ஆட்டோக்காரன் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பான்.

ஹைட்ராலிக் மெதுவாக இழுத்தது.
விட்டதும் இரும்பு கொஞ்சம் பின்வாங்குமாம்,
அதனால் தேவைக்குமேல் இழுக்க வேண்டுமாம்.
இழுத்தார்கள். விட்டார்கள். அளந்தார்கள்.
நான் எதுவும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் சாவியை என்னிடம் நீட்டினான்.
பாட்டரி டவுன் தாண்டியதும்
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கணம் கையெடுத்தேன்.
நேராகப் போனது.
பார்த்தியா என்று திரும்பினால்
சீட் பெல்ட்டில் கன்னம் அழுந்த
அவன் தூங்கிப்போயிருந்தான்.

தூணைச் சிமெண்ட் போட்டு நட்டாயிற்று.
வாடகையில் முந்நூறு ஏறிற்று.
ஆனாலும் கேட் சேரவில்லை,
ஒரு பக்கம் தூக்கித்தான் சாத்த வேண்டும்.
எத்தனை மணிக்கு வந்தாலும்
அவன் அதைத் தூக்கிச் சாத்தும் சத்தம்
படுக்கையில் எனக்குக் கேட்கும்.