இருபத்தெட்டு லிட்டர்

சிவாஜிநகர் குஜ்ரியில் முதலில் பார்த்தது
ஒரு ஆம்னி வேனின் டேங்க்.
ஆயிரத்து நூறு சொல்லி எண்ணூறுக்கு இறங்கினார் முக்தியார்.
மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன்.
உள்ளே கோடையில் வற்றிய செம்மண் குளம்.
தட்டினால் உதிர்கிறது.
“கழுவினா போயிடும் மேடம்.”
“எது, துருவா டேங்க்கா?” என்றான் இன்னாசி.
அவரே சிரித்து டீ வாங்கிக் கொடுத்தார்.

சரி, புதிதாகவே செய்வோம், அலுமினியத்தில்.
எவ்வளவு பெரிதாக என்பதில்தான் சண்டை.

அவனுக்கு நாற்பத்தைந்து லிட்டர் வேண்டும்.
எங்கேயும் நிற்காமல் சென்னை,
அங்கே ஒரு காபி,
பாதி வழி திரும்பிய பிறகே பங்க்.
என்னிடம் இருந்தது டேப் மட்டும்.
சீட்டின் முதுகிலிருந்து பின் அச்சு வரை முப்பத்தொன்று.
டிஃபரன்ஷியல் துள்ளும் தூரம் போக,
தீ தடுக்கும் தகடு போக,
விரல் நுழையும் சந்து போக
மிச்சம் பதினெட்டு சென்டிமீட்டர்.
சைலன்சர் வலப்பக்கம் போகிறது,
அதனால் டேங்க் இடப்பக்கம் ஒதுங்கும்.
இடப்பக்கம் உட்காரப்போவது நான்.

மிக்சி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி
ஒரு பொய் டேங்க் செய்தேன்.
பதினெட்டு, இருபத்தாறு, அறுபது.
பெருக்கிப் பார்த்தால் இருபத்தெட்டு லிட்டர், கொஞ்சம் சொச்சம்.
உள்ளே இரண்டு தடுப்பு, மூன்று அறை,
வாய்க்குழாய்க்கு ஒரு வட்டம்.
மேல்மூடியை ஒட்டவில்லை.
சட்டத்துக்குள் வைத்துவிட்டு
ராமமூர்த்தி நகர் பேஸ்மென்ட் விளக்கை அணைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை
வாய்க்குழாய் வட்டத்தில் ஒரு வால் தொங்கியது.

நான்கு குட்டிகள்.
நடு அறையை எடுத்திருந்தது பூனை.
வண்டி திரும்பும்போது
அதிகம் அலையாத அறை அதுதான்.

ஐந்து வாரம் ஸ்பேனரைத் தொடவில்லை.
அசோசியேஷன் செயலாளர் தினமும் வந்தார்,
பார்க்கிங்கில் பெட்ரோல் கூடாது என்று சொல்ல,
பால் கிண்ணத்தோடு.

ஒரு ராத்திரி இன்னாசி
என் சீட்டில் ஏறி உட்கார்ந்தான், சும்மாதான்.
அவன் இடுப்புக்குப் பின்னால்
தகடு இன்னும் வராத இடத்தில்
அட்டையைப் பிராண்டும் சத்தம்.
அசையாமல் இருந்தான்.
“இவ்ளோ கிட்டயா?”
அதற்குப் பிறகு நாற்பத்தைந்து என்ற எண்
வீட்டில் வரவில்லை.

பீன்யாவில் போரேகௌடா பற்றவைத்தார்,
மூன்று மில்லிமீட்டர் தகடு,
நாணயங்களைச் சாய்த்து அடுக்கியது போன்ற தையல்.
வாய்களை அடைத்து
சைக்கிள் பம்ப்பில் இரண்டே அமுக்கு,
மேலே சோப்புத் தண்ணீர்.
எல்லாம் சரி, எல்லாம் சரி,
கீழ் மூலையில் ஒரு குமிழி
மெல்லக் கண் திறந்தது.
கன்னடத்தில் அதைத் திட்டினார்.
தேய்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

பட்டைக்கு அடியில் ரப்பர்.
முடுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்தினேன்,
வெயிலில் தகடு கொஞ்சம் வளர வேண்டும்.
வாய்க்குழாயிலிருந்து சட்டத்துக்கு எர்த் வயர்.
வண்டி கவிழ்ந்தால் தானே அடைத்துக்கொள்ளும் மூச்சுக்குழாய்.
இப்போதைய பெட்ரோலில் கரும்புச் சாராயம் கலப்பதால்
பழைய ஹோஸ்கள் குடித்துவிட்டு வீங்குகின்றன;
விலை கூடின ஹோஸ்தான், பேரம் இல்லை.

கேனில் ஐந்து லிட்டர் கொண்டுவந்து ஊற்றினான்.
களக், களக் என்றது மூன்று அறையும்.
முள் எழுந்து முக்காலைக் காட்டியது.
மிதவையின் கையை நான் தப்பாக வளைத்திருக்கிறேன்.
கழற்ற வேண்டும். இன்றைக்கு வேண்டாம்.
இன்றைக்கு வண்டியே நம்பட்டும்.

லிட்டருக்குப் பன்னிரண்டு ஓடினால்
முந்நூற்று முப்பத்தாறு கிலோமீட்டர்.
சென்னை முந்நூற்று நாற்பத்தாறு.
பத்து குறைகிறது என்றான்,
சுவரில் சாக்பீஸால் போட்ட கணக்கை இரண்டு முறை பார்த்து.
பூந்தமல்லிக்கு முன்னால் எங்கேயாவது
நின்றே ஆக வேண்டும்.

கதவே இல்லாத வண்டி.
தாண்டிக் குதித்து இறங்கி
மூடியைத் திறப்பது யார் என்று
இப்போதே கேட்கிறான்.