வெற்று எடை

பகலில் எனக்கு எடைமேடை வேலை.
மக்காச்சோளம் ஏற்றிய லாரி வந்து நிற்கும்;
முள் அடங்கியதும் எண்ணைக் குறித்துக்கொள்வேன்.
கொட்டிவிட்டு வெறும் லாரியாகத் திரும்பி வரும்;
அதையும் குறிப்பேன்.
முதல் எண்ணில் இரண்டாவதைக் கழித்தால்
மிஞ்சுவதுதான் சோளம்.
டிரைவரின் தொப்பைக்கும் பாதி டேங்க் டீசலுக்கும்
சக்கரத்தில் அப்பிய சேற்றுக்கும்
யாரும் காசு கொடுப்பதில்லை.
இதில் ஹார்லன் கிரீக்கில் ஒருவருக்கும் வருத்தமில்லை.

இரவில் கூடைப்பந்து அணிகளை நிறுக்கிறேன்.
அதில்தான் வருத்தம்.

எங்கள் கல்லூரிக்கு இருபத்திரண்டு வெற்றி, மூன்று தோல்வி.
செயின்ட் ஆல்பனுக்குப் பதினொன்று, பதினான்கு.
என் பட்டியலில் செயின்ட் ஆல்பன் மேலே.

"கணக்கு மறந்துபோச்சா, ஆர்லிஸ்?"
என்றார் வெர்லின் டோப்ஸன்
காபிக் கடையில், என்னைப் பார்க்காமல்
தன் தட்டிலிருந்த முட்டையைப் பார்த்து.
பதில் எழுதிக் காட்ட
ஒரு காகிதக் கைக்குட்டை போதவில்லை.

நவம்பரில் செயின்ட் ஆல்பன் பையன்கள்
பதினோரு மணி நேரம் பஸ்ஸில் போனார்கள்.
வந்து தோற்றுவிட்டுப் போகச் சொல்லி
பெரிய பல்கலைக்கழகம் ஒன்று காசோலை தந்திருந்தது.
அந்தக் காசில்தான் இந்த வருடம்
அவர்கள் நீச்சல் குளத்தில் வெந்நீர்.
பதினாலாயிரம் பேர் கத்தக் கத்த
ஒன்பது புள்ளியில் தோற்றார்கள்.
பஸ்ஸிலேயே சாப்பிட்டு, முழங்காலை மடக்கிப் படுத்து,
இன்னொரு பெரிய வாசலுக்குப் போனார்கள்.
ஆறு புள்ளி.

அதே வாரம் நாங்கள்
ஒரு சின்ன பைபிள் கல்லூரியை வரவழைத்து
நாற்பத்தேழு புள்ளியில் வென்றோம்.
அவர்களுடைய சென்டர் ஆட்டக்காரன்
என்னைவிட ஓரங்குலம்தான் உயரம்.
தோற்ற பிறகு எல்லாருக்கும் கை கொடுத்தான்.
வெற்றிக் கட்டத்தில் அதற்கும்
ஒன்று என்றுதான் போட்டார்கள்.

வளையம் எல்லா ஊரிலும் பத்தடி உயரம்.
ஆனால் சொந்த ஊர் என்பது மூன்றரைப் புள்ளி.
எங்கிருந்து வருகிறது என்று
யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.
சொந்தக் கட்டில் தூக்கமாக இருக்கலாம்.
எந்தப் பலகையில் பந்து செத்து எழும்பும் என்று
பழகிய கையாக இருக்கலாம்.
விசில் வாய்க்குப் போகும் முன்னே
நடுவர் காதுக்குள் போய்விடுகிற சத்தமாக இருக்கலாம்.
எதுவானாலும் சேறு சேறுதான்.
மூன்றரையைக் கழிக்கிறேன்.

சிக்கல் அதற்கப்புறம்.
ஓர் அணியை நிறுக்க அதன் எதிராளிதான் படிக்கல்;
எதிராளியை நிறுக்க அவனுடைய எதிராளி.
முந்நூற்று அறுபது சொச்சம் அணிகள்
ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு
தரை தொடாமல் நிற்கின்றன.
முதலில் எல்லாருக்கும் பூஜ்யம் வைப்பேன்.
ஒரு சுற்று. மறுபடி ஒரு சுற்று.
லாரி நின்ற பிறகும் ஆடுகிற முள் போல
எண்கள் ஆடிக்கொண்டே இருக்கும்.
பதினேழாவது சுற்றில் அடங்கின.
நாங்கள் நூற்றுப் பதினெட்டு. அவர்கள் எழுபத்தொன்று.
இரண்டாம் தடவையும் சரிபார்த்தேன்.
தப்பு ஏதாவது அகப்படாதா என்றுதான்,
ஒப்புக்கொள்கிறேன்.

"ஆடிப் பார்த்துவிடலாமே" என்கிறார் வெர்லின்.
ஆடலாம். நாங்களும் கூப்பிட்டோம், எங்கள் அரங்கத்துக்கு.
அவர்களும் கூப்பிட்டார்கள், அவர்களுடையதற்கு.

சனிக்கிழமை, பத்து விநாடி பாக்கி.
வெளியூர்ப் பையன் ஒருவன் கோட்டில் நிற்கிறான்,
இலவச வீச்சு, ஒரு புள்ளி பின்தங்கி.
கூடைக்கு நேர் பின்னால் நான்.
விதைக் கம்பெனித் தொப்பியைச் சுழற்றி
அவன் குடும்பத்தில் இல்லாத ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினேன்.
வளையத்தில் இருமுறை உருண்டு
வெளியே விழுந்தது பந்து.
வெர்லின் என் முதுகில் அறைந்தார்,
முட்டைச் சண்டையெல்லாம் மறந்து.

பதினோரு மணிக்கு வீடு.
தொண்டைக்கு ஒரு மிட்டாயை அடக்கிக்கொண்டு
மேசையில் உட்கார்ந்து
என்னைக் கழித்தேன்.