துணைக்கால்

முதல் திருத்தம் இரண்டு எழுத்து.
'பெறு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லில்
ஐயும் ஈயும் இடம் மாறி நின்றன,
பதினாறு வருடமாக.
அதனால் ஒருவரும் வழி தவறவில்லை.
ஆனாலும் மாற்றினேன்,
வெள்ளிக்கிழமை, கரண்ட் வந்த கையோடு,
குருநகர் மீனவர் சங்கத்து மேல்மாடியில்,
ஐஸ் பெட்டிகளின் வாடைக்கு மேலே.

இரண்டாவது, ஒரு கோடு.
கட்டளைக்கு முன்னால் நிற்கவேண்டிய சின்னக் கோட்டை
எந்தப் புண்ணியவானோ வடிவு பார்த்து
நீட்டிவிட்டிருந்தான்.
கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்,
மென்பொருளுக்கோ அது ஆரோ அந்நியன்.
கையால் தட்டியவளுக்கு வேலை செய்தது,
பிரதி எடுத்து ஒட்டியவனுக்கு இல்லை.
இதற்காக நானும் எமில்தாசும்
ஒரு கிழமை கதைக்காமல் இருந்தோம்.

மூன்றாவதில்தான் எனக்குக் கோபம்.
அட்டவணையில் ஒரு நிலைக்கோடு விடுபட்டு
எண்களெல்லாம் ஒரு வீடு தள்ளிக் குடியேறியிருந்தன.
'முப்பது' என்றிருந்தது.
முப்பது என்ன?
மில்லிசெக்கன் என்று நான் எடுத்தேன்.
பத்துப் பத்தாக எண்ணவேண்டும் என்ற குறிப்பு
பக்கத்து வரியில்
தனக்குச் சம்பந்தமில்லாத எண்ணுக்குக் காவலிருந்தது.
பதினொரு இரவு.
றேடியோ விழிக்கமுன்னம் மோடம் பேசத் தொடங்கிவிடும்,
கதவு திறக்கமுன் சொன்ன வணக்கம்போல.
பொதிகள் தலையில்லாமல் கடல் தாண்டிப் போயின.
நெடுந்தீவில் அவன் பெட்டி கூட்டிப் பார்க்கும்,
கணக்கு உதைக்கும், எறிந்துவிடும்.
'விளங்கவில்லை, திருப்பிச் சொல்லு' என்றுகூடக் கேட்காது.

பண்ணையில் ஒருகாலம்
அட்டையில் ஒரு எழுத்து வேறென்று
அப்பாவை நாலு மணித்தியாலம் வெயிலில் வைத்திருந்தார்கள்.
இதை ஏன் இங்கே எழுதுகிறேன் தெரியவில்லை.
அழித்துவிடலாம்.

நாலாவது: ஒன்று, இரண்டு, இரண்டு, நாலு
என்று போன படிகள்.
ஐந்தும் ஆறும் வரிமுடிவில் ஒளிந்திருந்த வெற்றிடங்கள்,
ஆரும் காணாதவை,
பெருக்கிய கூடத்தை இன்னொருக்கால் பெருக்குவதுபோல.
ஏழாவது, தலைப்பு ஒன்றுக்கு
ஒரு அடையாளம் கூடிப்போய்
பெரிய விசயம் சின்ன எழுத்தில் கிடந்தது.

எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன்.
பின்லாந்தில், பனிக்குள் இருக்கிற ஒருவர்
ஒரேயொரு சொல்லில் ஏற்றுக்கொண்டார்.
அடுத்த பதிப்பில், உதவியோர் பட்டியலில்,
கடைசியிலிருந்து நாலாவதாக
சுக்ரிதமலர்.
ஐயும் ஆரும் இடம் மாறி.

சிரித்தேன். பிளேன்ரீ ஆறிப்போகும்வரை
அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு எட்டாவது திருத்தம் திறந்து
'காரணம்' என்ற பெட்டியில்
என்னென்னவோ எழுதி, எழுதியதை அழித்து,
கடைசியில் 'எழுத்துப் பிழை' என்றே போட்டேன்.

அன்றைக்கு இரவு எட்டரைக்கு
காற்று யன்னலை அடிக்கத் தொடங்க
நெடுந்தீவு திறந்தது.

'கற்று பலம். படகு எடுக்க வேண்டம்.
குறிகட்டுவனுக்கும் சொல்லு.'

மூன்று துணைக்கால் காணவில்லை.
கேட்டால் எமில்தாஸ் சொல்வான்:
'கால் ஒன்றுக்கு மூன்று பைட்.
பற்றறி சாகக் கிடக்கிற நேரம்
நீ வந்து அனுப்பிப் பார்.'
பொதி கணக்குத் தேறியிருந்தது.
ஒரு பிட் சிந்தவில்லை.
அவன் விட்ட பிழை
ஒரு பிழையுமில்லாமல் வந்து சேர்ந்திருந்தது.

அதில் நான் கை வைக்கவில்லை.
அப்படியே பதிவில் விட்டுவிட்டு
கீழே ஓடி
சங்கத்து ஒலிபெருக்கியைப் போட்டு
வாசிக்கும்போது மட்டும்
கால்களைச் சேர்த்து வாசித்தேன்,
இரண்டு தரம்,
கரையில் வள்ளம் தள்ளிக்கொண்டிருந்தவர்கள்
நிமிரும்வரை.